ஜெர்மனிக்குப் பள்ளிப் பரிமாற்றத்தில் போகும் பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு: கிளம்புவதிலிருந்து முதல் கிறிஸ்துமஸ் வரை

பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு ஒரு வருடம் ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அங்குள்ள பள்ளியில் படித்துவிட்டு வரலாம் என்று நினைக்கும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அல்சூர், ஃப்ரேசர் டவுன், ஜீவன் பீமா நகர் பக்கத்துத் தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். கிளம்புமுன் எல்லோரும் என்னிடம் கேட்பது மொழி பற்றித்தான். ஜெர்மன் தேர்வில் ஏ2 நிலை போதுமா, அதற்கு மேலே உள்ள பி1 வேண்டுமா, வகுப்பில் பாடம் புரியுமா? போய்ச் சேர்ந்து ஒரு வாரம் கழித்து வரும் செய்திகளில் மொழியைப் பற்றி ஒன்றும் இருக்காது. பசிக்கிறது மிஸ், எப்படிக் கேட்பது? குளியலறைத் தரை ஈரமாகிவிட்டது, கோபித்துக்கொள்வார்களா? அந்த ஆன்ட்டியை என்னவென்று கூப்பிடுவது?

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பாட்டி சொல்வது அங்கேயும் பொருந்தும். மூன்று நாளுக்குப் பிறகு நீ அந்த வீட்டுப் பிள்ளையாக மாறிவிட வேண்டும். கேட்க வேண்டியதை வாய் திறந்து கேட்டு, செய்ய வேண்டியதைச் சொல்லாமலே செய்து, அவர்களோடு உட்கார்ந்து பழகும் பிள்ளைக்கு மொழி தானாக வருகிறது. கூச்சப்பட்டு அறைக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பி1 முடித்திருந்தாலும் ஊமையாகத்தான் இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுவதும் இதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியதுதான்.

எந்த வழியாகப் போவது

பெங்களூர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் போகும் வழிகள் இரண்டு: ரோட்டரி இளைஞர் பரிமாற்றம், ஏ.எஃப்.எஸ். ரோட்டரியில் 15 முதல் 19 வயது வரை எடுத்துக்கொள்வார்கள். உன் அப்பா அம்மா ரோட்டரி உறுப்பினராக இருக்கத் தேவையில்லை, ஆனால் உங்கள் பகுதி ரோட்டரி கிளப் உன்னை அனுப்பச் சம்மதிக்க வேண்டும். ஏ.எஃப்.எஸ். அமைப்பின் வேர் 1915இல் இருக்கிறது. முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்கத் தொண்டர்கள் தொடங்கியது அது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1947 முதல், பள்ளிப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்பி வருகிறது.

ஒரு வருடம் முழுக்கப் போகத் தயக்கமாக இருந்தால், உன் பள்ளி 'பாஷ்' திட்டத்தில் இருக்கிறதா என்று விசாரி. ஜெர்மன் வெளியுறவு அமைச்சகம் 2008இல் தொடங்கிய பள்ளிகள் கூட்டமைப்பு இது. அதில் சேர்ந்த பள்ளிகளின் மாணவர்களைச் சில வார மொழிப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அழைக்கிறார்கள். இந்திரா நகர் சி.எம்.எச். ரோட்டில் இருக்கும் மாக்ஸ் முல்லர் பவனில் கேட்டால் விவரம் சொல்வார்கள். மெட்ரோவில் போனால் இந்திரா நகர் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம்.

முக்கியமான ஒன்று. ரோட்டரியிலும் ஏ.எஃப்.எஸ்.ஸிலும் உன்னைத் தங்கவைக்கும் 'ஹோஸ்ட்' குடும்பம் அதற்காகப் பணம் வாங்குவதில்லை. வேறு நாட்டுப் பிள்ளை ஒன்று தங்கள் வீட்டில் வளரட்டும் என்று ஆசைப்பட்டுத்தான் கதவைத் திறக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் நீ ஒரு வார்த்தை பேசமாட்டாயா என்று அவர்கள் ஏங்குவது அதனால்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கூச்சம் போய்விடும்.

பள்ளியில் முதலில் பேசிவிடு

ஜெர்மனியில் பள்ளி ஆண்டு மாநிலத்துக்கு மாநிலம் மாறி, ஆகஸ்ட் முதல் செப்டம்பர் நடுவரை தொடங்கும். பத்தாம் வகுப்புத் தேர்வை மார்ச்சில் முடித்து, ஆகஸ்டில் கிளம்பி, அடுத்த கோடையில் திரும்பி பி.யூ.சி. முதல் ஆண்டிலோ பதினொன்றிலோ சேர்வது சிக்கல் குறைந்த வழி. பதினொன்றின் நடுவில் கிளம்பினால் போர்டு பதிவு, வருகைப் பதிவு என்று தலைவலிதான். ஒன்பதாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு இரண்டிலும் சி.பி.எஸ்.இ. பெயர்ப் பதிவு செய்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு வருடம் தள்ளிப்போவதை நினைத்து வீட்டில் பயப்படுவார்கள். அந்த ஒரு வருடத்துக்கு நம் போர்டு சான்றிதழ் எதுவும் கிடைக்காது என்பதையும் நேரடியாகச் சொல்லிவிடு. திரும்பி வந்தால் இடம் உண்டா என்று தலைமை ஆசிரியரிடமோ கல்லூரி முதல்வரிடமோ கடிதமாக வாங்கிக்கொள். வாய்வார்த்தை அடுத்த வருடம் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால் செல்லாது.

காகிதங்கள்

15 வயது ஆகிவிட்டால் பத்து வருடம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பிக்கலாம். 18 ஆகும்வரை அப்பா அம்மா இருவரின் சம்மதமும் வேண்டும். விசாவுக்கும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதால் சுற்றுலாவுக்கு எடுக்கும் ஷெங்கன் விசா உதவாது, தேசிய விசா எடுக்க வேண்டும். கோடையில் விசா விண்ணப்பத்துக்கு நேரம் கிடைப்பது கடினம் என்பதால் பரிமாற்ற அமைப்பின் ஏற்புக் கடிதம் கைக்கு வந்த வாரமே பதிவு செய்துவிடு.

நம்மவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று இருக்கிறது: இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. ஜெர்மனியில் எந்தப் படிவமானாலும் முதற்பெயர், குடும்பப் பெயர் இரண்டும் இருந்தே ஆக வேண்டும். பாஸ்போர்ட் எடுக்கும்போதே அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுவது நல்லது. பிறகு விமான டிக்கெட், காப்பீடு, பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கூட மாறாமல் இருக்கட்டும். அங்கே போனதும் தபால்பெட்டியில் உன் பெயரை ஒட்டுவார்கள், அதில் அப்பாவின் பெயர்தான் இருக்கும். கடிதமும் அந்தப் பெயருக்குத்தான் வரும். யாருக்கோ வந்ததென்று ஒதுக்கி வைத்துவிடாதே.

பெட்டியில் என்ன வைப்பது

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பால் பொருள்களும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. நெய் பாட்டில், பால்கோவா, பன்னீர் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலைக் கொத்து, காய், பெரும்பாலான பழங்கள் இவற்றுக்கும் தடைதான். பருப்புப்பொடி, சாம்பார்ப் பொடி, புளியோதரைப் பொடி, அப்பளம், பெருங்காயம் போதும். அளவாக எடுத்துக்கொள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் டாக்டரின் சீட்டோடு கைப்பையில் வை.

குளிருக்கு என்று இங்கே கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் பெரிய ஜாக்கெட் வாங்கிப் பெட்டியை நிரப்ப வேண்டாம். அது ஜெர்மனியின் நவம்பருக்குப் பத்தாது. அங்கே போய்ப் பழைய துணிச் சந்தையில் வாங்கலாம், இல்லை என்றால் ஹோஸ்ட் வீட்டு அண்ணன் அக்காவின் பழைய கோட்டு கிடைக்கும். அந்த இடத்தில் வீட்டுக்குள் போடுவதற்கு நல்ல செருப்பு ஒரு ஜோடி வை. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே தனிச் செருப்பு போடுவது அங்கே பல வீடுகளில் வழக்கம்.

பரிசுக்கு நம் ஊர்ப் பொருளே அழகு. சன்னபட்டணத்து மரப்பொம்மை, மைசூர் சந்தன சோப்பு, குடகுக் காப்பித்தூளோடு ஒரு சின்ன பித்தளை ஃபில்டர். ஃபில்டரைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதே. முதல் ஞாயிறு காலையில் நீயே டிகாக்‌ஷன் இறக்கி எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடு. அவர்கள் வீட்டு அடுப்பில் நீ கை வைக்கும் முதல் சந்தர்ப்பம் அது.

விமானம், முதல் மாலை

பெங்களூரிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கும் மியூனிக்குக்கும் நேரடி விமானம் இருக்கிறது. முதல் தடவை தனியாகப் போகிறவர்களுக்கு நேரடி விமானம்தான் நிம்மதி. பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம், ஹோஸ்ட் குடும்பத்தின் முகவரி, போன் எண், பள்ளியின் கடிதம் இவை நான்கும் காகிதமாகக் கையில் இருக்கட்டும், போனில் சார்ஜ் தீர்ந்துபோகும். குடிவரவு அதிகாரி எங்கே போகிறாய், யார் கூட்டிப்போக வருகிறார்கள் என்று கேட்பார். அமைதியாகப் பதில் சொன்னால் போதும்.

வீட்டுக்குப் போனதும் தூக்கம் கண்ணைச் சுழற்றும். கோடையில் அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், அதனால் மாலை ஏழு மணிக்கே உடம்பு இரவு பத்தரை என்று நினைக்கும். எப்படியாவது இரவுச் சாப்பாடுவரை விழித்திரு. அன்றைக்கே, இல்லையென்றால் மறுநாள் காலையிலேயே, கீழே உள்ள கேள்விகளைக் கேட்டுவிடு. ஜெர்மனில் எழுதி வைத்துக்கொண்டு படித்தாலும் பரவாயில்லை, சந்தோஷப்படுவார்கள்.

உங்களை நான் எப்படிக் கூப்பிட வேண்டும்?
காலையில் குளியலறை எனக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்?
ஃப்ரிட்ஜில் எதை நான் கேட்காமல் எடுக்கலாம்?
பசித்தால் இரவில் சமையலறைக்குள் போகலாமா?
துணி எந்தக் கிழமை துவைக்கிறீர்கள், எங்கே போட வேண்டும்?
சாவி எனக்கு ஒன்று உண்டா? மாலை எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும்?
வீட்டில் என் வேலை என்ன?

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது. பாத்திரம் கழுவும் மிஷினைக் காலி செய்வது, நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பது, குப்பை வைப்பது என்று ஏதாவது ஒன்று தருவார்கள். தரவில்லை என்றால் நீயே ஒன்றை எடுத்துக்கொள்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது

முதல் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் பெயர்தான். ஐம்பது வயது ஹோஸ்ட் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடு என்பார்கள். நம் பிள்ளைகளுக்கு இது வராது. அதனால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கூப்பிடாமலே இருந்துவிடுகிறார்கள். ஃப்ரேசர் டவுன் பெண் ஒருத்தி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஹோஸ்ட் அம்மா பின்னால் போய் நின்றுகொள்வாளாம், அவர் தற்செயலாகத் திரும்பும்வரை. அவர் ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்புவார். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் அங்கே மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அறையில் தனியாக இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பழகு, இரண்டு நாளில் நாக்குக்கு வந்துவிடும். பள்ளி ஆசிரியர்களை மட்டும் 'ஹெர்' (திரு), 'ஃப்ராவ்' (திருமதி) சேர்த்துக் குடும்பப் பெயரால்தான் கூப்பிட வேண்டும், 'நீங்கள்' என்ற பன்மை மரியாதையோடு.

குளியலறை

நம் குளியலறையில் தரையில் தண்ணீர் போக வழி இருக்கும். பெரும்பாலான ஜெர்மன் வீடுகளில் ஷவர் தொட்டிக்கு வெளியே அந்த வழி கிடையாது. வாளியும் சொம்புமாகக் குளித்தால் தண்ணீர் மரக் கதவுக்கு அடியில் போய் நிற்கும். ஷவரின் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளேயே துவட்டிக்கொண்டு வெளியே வா. கண்ணாடி ஓரத்தில் ரப்பர் வைத்த கைப்பிடி ஒன்று தொங்கும். குளித்து முடித்ததும் அதனால் கண்ணாடியையும் சுவர் டைல்ஸையும் மேலிருந்து கீழாக இழுத்துத் தண்ணீரை வழித்துவிட வேண்டும். அங்கே பல ஊர்களில் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் துளி காய்ந்தால் வெள்ளைப் புள்ளியாகிவிடும். இதை முதல் நாளிலிருந்து செய்கிற பிள்ளையைப் பார்த்து ஹோஸ்ட் அம்மா அசந்துபோவார். பிறகு ஜன்னலைத் திறந்து ஈரக்காற்றை வெளியேற்று.

கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. பெரியதாக ஒரு தண்ணீர் பாட்டிலை உனக்கென்று வைத்துக்கொள்ள அனுமதி கேள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று: சிறுநீர் கழிக்கவும் உட்கார வேண்டும் என்பது பல வீடுகளின் விதி.

சாப்பாட்டு மேசை

நம் வீட்டில் இன்னும் கொஞ்சம் போடவா என்றால் 'போதும் போதும்' என்போம். பரிமாறுகிறவர்கள் விடாமல் போடுவார்கள், நாமும் சாப்பிடுவோம். ஜெர்மன் மேசையில் போதும் என்றால் போதும்தான். பாத்திரம் அடுத்தவர் கைக்குப் போய்விடும், நீ பசியோடு எழுந்திருப்பாய். அவர்களுக்கு உன்மேல் அன்பில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. நீ சொன்னதை நம்பினார்கள், அவ்வளவுதான். வேண்டுமென்றால் 'யா, கெர்ன்' (ஆமாம், சந்தோஷமாக) என்று பளிச்சென்று சொல். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் சொல்லலாம், சிரித்த முகத்தோடு. பிடித்தது போலக் காட்டிக்கொண்டால் அதே ஊறுகாய் மீன் ஒவ்வொரு வாரமும் உன் தட்டுக்கு வரும்.

இரவுச் சாப்பாடு பல வீடுகளில் அடுப்பு மூட்டாமலே நடக்கும். பிரெட், வெண்ணெய், சீஸ், வெள்ளரிக்காய், மாலை ஆறு ஆறரைக்கே. இதைப் பார்த்து அழுத பிள்ளைகள் உண்டு. சூடான சாப்பாடு மதியத்திலோ வார இறுதியிலோ வரும். எல்லோரும் உட்கார்ந்து 'கூட்டன் அப்பெட்டீட்' சொல்லும்வரை வாயில் எதையும் வைக்காதே.

சைவம் என்றால் விண்ணப்பத்திலேயே எழுதிவிடு, முட்டை உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து. 'சைவம்' என்றதும் மீன் வைக்கும் வீடுகளும் இருக்கின்றன. சூப்புக்கு இறைச்சிச் சாறு ஊற்றுவது, கரடி வடிவ ஜெல்லி மிட்டாயில் விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருப்பது, ஸ்பேட்ஸ்லே என்ற நூடுல்ஸில் முட்டை சேர்ப்பது இவையெல்லாம் அவர்களுக்கே உடனே நினைவுக்கு வராது. கோபப்படாமல் விளக்கு.

தயிர்சாதத்துக்கு ஏங்கினால் கடையில் 3.5 சதவீதக் கொழுப்புள்ள வெறும் யோகர்ட் வாங்கு, அருமையாக இருக்கும். அரிசி வாங்கும்போது 'மில்ஷ்ரைஸ்' என்று எழுதிய பொட்டலத்தை எடுத்துவிடாதே, அது பால் பொங்கலுக்கான குண்டரிசி. சிவப்புப் பருப்பு எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும், சாம்பாருக்குப் போதும். துவரம்பருப்பு, கறிவேப்பிலை வேண்டுமென்றால் இலங்கைத் தமிழர்கள் நடத்தும் கடையை விசாரி. பெரிய நகரங்கள் பலவற்றில் இருக்கிறது.

சமைக்கும்போது ஒரு எச்சரிக்கை: தாளிப்பு. அங்கே படுக்கையறையிலும் நடையிலும் புகை எச்சரிக்கைக் கருவி சட்டப்படி கட்டாயம். காய்ந்த எண்ணெயில் வரமிளகாயைப் போட்டதும் வரும் நெடி அதை அலறவைக்கலாம், அலறாவிட்டாலும் வீட்டில் உள்ளவர்கள் இருமித் தீர்ப்பார்கள். சமையலறைக் கதவைச் சாத்து, ஜன்னலைத் திற, புகைபோக்கியை முழு வேகத்தில் வை, அப்புறம் மிளகாயைப் போடு.

ஊருக்குள் முதல் இரண்டு வாரம்

இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு செய்ய வேண்டும். ஹோஸ்ட் பெற்றோர் கூட வருவார்கள், வீட்டு உரிமையாளரின் ஒரு கடிதம் வேண்டும், பாஸ்போர்ட் எடுத்துப் போ. தங்கும் அனுமதிக்கு வெளிநாட்டவர் அலுவலகம் தனி. இந்திய சிம்மை ஓ.டி.பி.க்காக உயிரோடு வைத்துக்கொள்.

பஸ்ஸிலும் ரயிலிலும் கண்டக்டர் வரமாட்டார், டிக்கெட் இருக்கிறதா என்று யாரும் தினமும் பார்க்கமாட்டார்கள். என்றைக்காவது பரிசோதகர் வந்து டிக்கெட் இல்லாமல் பிடித்தால் 60 யூரோ அபராதம். 2023 மே மாதத்தில், மாதத்துக்கு 49 யூரோ என்று தொடங்கிய 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' இப்போது விலை ஏறியிருக்கிறது, ஆனாலும் நாடு முழுக்க உள்ளூர்ப் பஸ், டிராம், மெட்ரோ, வட்டார ரயில் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். அதிவேக ஐ.சி.இ. ரயிலுக்குச் செல்லாது. சாலையைக் கடக்கும்போது வண்டியே இல்லை என்றாலும் பச்சை வரும்வரை நில், முக்கியமாகப் பக்கத்தில் சின்னக் குழந்தைகள் இருந்தால்.

குப்பையை நான்கு ஐந்தாகப் பிரிப்பார்கள். எது எதில் என்று ஒரு நாள் கூட நின்று கற்றுக்கொள். பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிப் போடாதே, கடையில் உள்ள மிஷினில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் இருக்காது, சத்தமும் கூடாது.

பள்ளிக்கூடம்

மதிப்பெண் தலைகீழ். 1 என்றால் மிக நன்று, 6 என்றால் தோல்வி. முதல் தேர்வில் 5 வாங்கிவிட்டு வீட்டுக்குச் சந்தோஷமாகச் செய்தி அனுப்பாதே. இன்னும் முக்கியமானது, வகுப்பில் கையைத் தூக்கிப் பேசுவதற்கே மதிப்பெண்ணில் பெரிய பங்கு உண்டு. நம் பள்ளிகளில் வாயைத் திறக்காமல் எழுதி முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் அங்கே ஆர்வமில்லாதவர் என்று பெயர் வாங்குகிறார்கள். தவறான ஜெர்மனில் பேசினாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை கையைத் தூக்குவது என்று வைத்துக்கொள். ஆங்கில வகுப்பிலும் கணக்கு வகுப்பிலும் ஆரம்பித்தால் தைரியம் வரும்.

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பள்ளியில் நட்பு கிடைக்கவில்லை என்று முதல் மாதத்தில் எழுதாத பிள்ளையே இல்லை. காரணம் எளிது. விளையாட்டும் இசையும் அங்கே பள்ளியைவிட ஊர்ச் சங்கங்களில்தான் அதிகம் நடக்கின்றன, 'ஃபெராயின்' என்பார்கள். டேபிள் டென்னிஸ், ஹேண்ட்பால், பாட்டுக் குழு, ஏன் இளைஞர் தீயணைப்புக் குழுகூட உண்டு. முதல் வாரமே ஒன்றில் சேர்ந்துவிடு. வாரம் இரண்டு மாலை ஒரே ஆட்களோடு பந்தைத் துரத்தினால் பேச்சு தானாக வரும். உனக்கு விளையாட்டில் திறமை இல்லை என்றாலும் சேர்.

16 வயதானால் பியரும் ஒயினும் அங்கே சட்டப்படி வாங்கலாம். உன் வகுப்புத் தோழர்கள் குடிப்பார்கள். உனக்கு உன் அமைப்பின் விதிதான் சட்டம். ரோட்டரியில் குடி, போதைப்பொருள், வண்டி ஓட்டுவது, காதல் நான்குக்கும் தடை. மீறினால் அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். 'எங்கள் திட்டத்தில் அனுமதி இல்லை' என்ற ஒரே வாக்கியம் போதும், யாரும் வற்புறுத்தமாட்டார்கள்.

இந்தியாவைப் பற்றிக் கேட்பார்கள்

வீட்டில் ஹிந்தி பேசுவீர்களா என்ற கேள்வி முதல் நாளே வரும். பெங்களூரில் இருக்கும் தமிழர்கள் நாங்கள், வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், ஹிந்தி மூன்றாவது மொழி என்று சொன்னால் கண்ணை விரிப்பார்கள். இதை ஐந்தாறு வாக்கியத்தில் ஜெர்மனில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போ. வகுப்பில் உன்னை அறிமுகம் செய்யச் சொல்லும்போதும் இதுவே உதவும். நீ ஏற்கெனவே வேற்று மொழி ஊரில் வளர்ந்த பிள்ளை. பால்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் தப்புத் தப்பாகப் பேசித்தான் உங்கள் வீட்டில் எல்லோரும் கன்னடம் கற்றார்கள். ஜெர்மனும் அப்படியே வரும்.

ஹாலே நகரத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால், ஃப்ராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன என்பதை ஹோஸ்ட் குடும்பத்திடம் சொல். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் காலத்திலிருந்து தொடரும் உறவு அது. ஹாம் நகரப் பக்கம் என்றால், ஈழத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்மன் கோயில் 2002 முதல் இருக்கிறது. ஹோஸ்ட் குடும்பத்தையும் ஒரு நாள் கூட்டிப் போ. தமிழர் யாராவது கிடைப்பார்களா என்று முதல் மாதத்திலிருந்தே தேடி அங்கேயே உட்கார்ந்துவிட மட்டும் வேண்டாம்.

வீட்டோடு பேசுவது

இந்தப் பகுதியை அப்பா அம்மாவும் படியுங்கள். முதல் வாரம் தினமும் பத்து நிமிடம் பேசிக்கொள்ளுங்கள், தப்பில்லை. அப்புறம் வாரம் ஒரு நீண்ட அழைப்பு, நடுவில் ஒன்றிரண்டு செய்தி. ஜெர்மனியில் இரவு எட்டு மணி என்றால் பெங்களூரில் பதினொன்றரை. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பிவைத்ததும் பன்னிரண்டரை ஆகிவிடும். ஞாயிறு முற்பகல் பதினொரு மணிக்கு அங்கிருந்து கூப்பிட்டால் இங்கே மதியச் சாப்பாடு முடிந்திருக்கும், இரண்டு பக்கமும் நிதானமாகப் பேசலாம்.

சாப்பாட்டு மேசையில் வீடியோ கால் எடுக்கச் சொல்லாதீர்கள். 'என்ன சாப்பிட்டாய்' என்று வேளைக்கு வேளை கேட்டால் பிள்ளை அந்த மேசையை உங்கள் கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிடும், எல்லாம் குறையாகத் தெரியும். சோறு போடுங்கள் என்று ஹோஸ்ட் அம்மாவுக்கு நீங்களே செய்தி அனுப்புவதும் வேண்டாம். பிள்ளை கேட்டுக்கொள்ளட்டும்.

நவம்பர்

குளிரைவிட இருட்டுதான் பிள்ளைகளை வாட்டுகிறது. டிசம்பரில் பெர்லினில் காலை எட்டேகாலுக்குத்தான் சூரியன் வரும், மாலை நான்குக்கு முன்பே போய்விடும். பெங்களூர்ப் பிள்ளை இருட்டில் பள்ளிக்குப் போய் இருட்டில் திரும்பிப் பழகியிருக்காது. புதுமையும் தீர்ந்திருக்கும், தீபாவளியும் அதை ஒட்டியே வரும். காரணம் புரியாமல் அழுகை வந்தால் பயப்படாதே. மதிய இடைவேளையில் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே நட. ஃபெராயினுக்குப் போவதை நிறுத்தாதே. தீபாவளிக்கு ஹோஸ்ட் வீட்டில் ஜன்னலோரம் மெழுகுவர்த்தி வரிசையாக ஏற்றி, எலுமிச்சை சாதமும் அப்பளமும் செய்து கூப்பிடு. பட்டாசுக்கு டிசம்பர் 31, ஜனவரி 1 இரண்டு நாள் மட்டும்தான் அங்கே அனுமதி.

இந்த வருத்தம் வேறு, ஹோஸ்ட் வீட்டில் உண்மையாகவே ஒத்துப்போகாமல் இருப்பது வேறு. உன் அமைப்பு உனக்கென்று அந்த ஊரில் ஒரு பொறுப்பாளரைத் தந்திருக்கும். முதலில் அவரிடம் பேசு. வீடு மாறுவது அங்கே அவமானம் இல்லை, ரோட்டரியில் ஒரே வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் தங்குவதே வழக்கம். ஆனால் யாராவது தகாத முறையில் தொட்டால், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டால், சாப்பாடு தராமல் விட்டால் பொறுத்துப் பார்க்காதே. அன்றைக்கே பொறுப்பாளரிடமும் வீட்டிலும் சொல். ஆபத்து என்றால் 112, போலீஸ் 110. பிள்ளைகள் மனம்விட்டுப் பேச இலவச எண் 116 111. மூன்றையும் போனில் பதிந்து வை.

டிசம்பர்

5ஆம் தேதி இரவு, மறுநாள் வரும் புனித நிக்கோலஸ் நாளுக்காக, வீட்டுப் பிள்ளைகள் தங்கள் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைப்பார்கள், காலையில் உள்ளே கடலையும் ஆரஞ்சும் சாக்லேட்டும் இருக்கும். உன்னுடையதையும் துடைத்து வை. 24ஆம் தேதி மாலைதான் அவர்களுக்குப் பெரிய கிறிஸ்துமஸ், பரிசுகளை அன்றே பிரிப்பார்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் சின்னதாக ஏதாவது, பாட்டி தாத்தா வருவதாக இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து, தயாராக வைத்துக்கொள். கடைசி நேரம்வரை விடாதே, 24ஆம் தேதி மதியம் இரண்டு மணிக்கெல்லாம் கடைகளை மூடிவிடுவார்கள்.